உள்ளே பார்க்கும் முகம்

வலைத்தளம் செய்கிறவன் என்றால் பெரிய மூளைக்காரன் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. நான் எதையும் புதிதாகச் செய்வதே கிடையாது. டெம்ப்ளேட் என்று ஆயத்தமாகக் கிடைக்கும். பக்கம், கட்டம், பொத்தான் எல்லாவற்றையும் யாரோ எங்கோ உட்கார்ந்து அமைத்து வைத்திருப்பார்கள். மாதிரிக்கென்று சில சிரிக்கிற முகங்களும் அதில் இருக்கும். நான் அந்த முகங்களை எடுத்துவிட்டு வாடிக்கையாளரின் முகத்தை வைப்பேன். நீலத்தைப் பச்சையாக்குவேன். அங்கங்கே நாலு வரி நிரல் எழுதிச் சேர்ப்பேன். பல் மருத்துவருக்குச் செய்த தளத்தையே டயர் கடைக்காரருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

என் மனைவி ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்கிறாள். ஆயத்தச் சட்டைகளை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வேலை. "நீங்களும் நானும் ஒரே தொழில்தாங்க. எவனோ தைச்சத எவனுக்கோ பொருத்துறோம்" என்று கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவும் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. பரவாயில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள் ஐயா. எழுதுகிறேன். மேசை ஆடியது, ஒரு தாளை மடித்துக் காலுக்குக் கீழே கொடுத்திருக்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு பக்கத்தில் முகம் ஒன்று இருந்தால் அது எழுத்தைப் பார்க்க வேண்டும். எழுத்துக்குப் பிடரியைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தால், படிக்கிறவர் கண்ணும் அதன் பின்னாலேயே வெளியே போய்விடும். அப்படி அமைந்துவிட்டால் நான் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவேன், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. அதற்கு ஒரே ஒரு வரி நிரல் போதும். பின்னால் பெயர்ப்பலகை ஏதாவது இருந்தால் எழுத்து மாறிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அதை மட்டும் பார்த்துக்கொண்டால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பல் மருத்துவரை அப்படித்தான் திருப்பினேன். அவரைப் பெற்ற தாய்க்கே தெரியவில்லை.

இனி மாமாவைப் பற்றி. என் மனைவியின் அப்பா. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் லிப்ட் ஓட்டியவர். கம்பிக்கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பி ஓட்டுகிற பழைய லிப்ட். அத்தை போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு ஞாபகம் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. முதலில் என்னை மாப்பிள்ளை என்றார், அப்புறம் தம்பி என்றார், கடைசியில் சார் என்றார். மகளை மட்டும் கடைசிவரை பாப்பா என்றே கூப்பிட்டார். தான் பார்த்த வேலையையும் மறக்கவில்லை. எந்தக் கதவின் பக்கத்தில் நின்றாலும், வருகிறவரைப் பார்த்து, "எத்தனாவது மாடி?" என்பார். குளியலறைக் கதவாக இருந்தாலும் அதே கேள்விதான். பார்சல் கொண்டு வருகிறவர் பொறுமைசாலி. "அஞ்சு" என்பார். மாமா தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். எண் சொல்லாவிட்டால் விடமாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார்.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன் ஆகையால் பகல் முழுக்க அவர் என் பொறுப்பு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நனைத்துக்கொண்டால் மாற்றிவிடுவது எல்லாம் நான்தான். மூன்று வருடம் செய்தேன். பக்கத்து வீட்டு அம்மா, "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காதுப்பா" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவரை நான் ஒருநாளும் அடித்ததில்லை. ஒரே ஒருமுறை கை நீட்டினேன், அதுவும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

கஷ்டம் அவரைப் பார்த்துக்கொள்வது அல்ல. என் மனைவி மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், "அப்பா சாப்பிட்டாரா?" என்பாள். பிறகு அவருக்கு ஊட்டுவாள், அவர் கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னைச் சார் என்று கூப்பிடுகிற ஒரு கிழவர்மேல் பொறாமைப்பட்டேன் என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் அவர் வெளியே போய்விட்டார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, கட்டடத்தில் லிப்ட் கிடையாது. கதவு பூட்டியிருக்கவில்லை. டயர் கடைக்காரர் போனில் பிடித்துக்கொண்டார், பொத்தான் சிவப்பா ஆரஞ்சா என்று. நாலரை மணிக்குத் தேட ஆரம்பித்தேன். தெரு, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை என்று இரண்டு நாள் அலைந்தோம். உங்கள் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, அப்பாவுக்கு ஒரு வெப்சைட் போடுங்க. எல்லாரும் பாக்குற மாதிரி. உங்களால முடியும்ல?"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் தளம் அது.

காணாமல் போனவர்களுக்கென்று யாரும் டெம்ப்ளேட் செய்து வைப்பதில்லை. புதிதாகத் திறக்கிற கடைகளுக்கான ஒற்றைப் பக்க டெம்ப்ளேட் ஒன்றை எடுத்தேன். 'விரைவில் திறப்பு விழா' என்று இருந்த இடத்தில் 'காணவில்லை' என்று போட்டேன். விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று இறங்குமுகமாக எண்ணுகிற கடிகாரம் ஒன்று அதில் இருந்தது. அதை ஏறுமுகமாக எண்ணும்படி மாற்றி, 'பிரிந்து எத்தனை நாள்' என்று தலைப்புக் கொடுத்தேன். கீழே செய்தி அனுப்புவதற்கு ஒரு பெட்டி. அதில் யார் எது எழுதினாலும் என் மின்னஞ்சலுக்கு வரும். நான் செய்ததிலேயே நல்ல தளம் அதுதான். இன்னும் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம்.

வலப்பக்கம் படம், இடப்பக்கம் எழுத்து. படத்துக்கு அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, அவள் கையால் தைத்துக் கொடுத்த இளநீலச் சட்டையில் மாமா உட்கார்ந்திருக்கிற படம். சற்றே திரும்பி, பக்கத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பழக்கம், திருப்பினேன். பின்னால் வெறும் சுவர், எழுத்து எதுவும் இல்லை. மாமா ஒழுங்காக உள்ளே பார்த்தார்.

என்ன எழுத வேண்டும் என்பதையும் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள், சட்டை அளவு குறிக்கிற சீட்டின் பின்பக்கத்தில். அந்தச் சீட்டு உங்களிடம் இருக்கிறது. 'வலது கன்னத்தில் மிளகு அளவு மச்சம். லிப்ட் ஓட்டியவர். யாரைப் பார்த்தாலும் எத்தனாவது மாடி என்று கேட்பார். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லுங்கள், அமைதியாகிவிடுவார்.'

வலது கன்னம் என்று தட்டச்சு செய்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. எழுத்து ஒன்று சொல்லப் படம் ஒன்று சொன்னால் பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள். படத்தைப் பழையபடி திருப்பலாம். திருப்பினால் பக்கம் கெட்டுவிடும். ஒரு சொல்லை மாற்றினால் இரண்டும் பொருந்திவிடும். மாற்றினேன். அப்போது என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மாடியைப் பற்றிய வரிகளையும் எடுத்துவிட்டேன். அந்தக் கட்டம் மூன்று வரிக்கு மேல் தாங்காது. நான்காவது வரி வந்தால் பொத்தான் கீழே இறங்கிவிடும்.

அவள் கவனிக்கவில்லையா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். அவளால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை ஐயா. பக்கம் திறந்த உடனே விரலால் மேலே தள்ளிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை மட்டும் பார்ப்பாள். முதல் வாரத்திலேயே பதினேழாயிரம் பேர். அவளுடைய கடைக்கு வருகிறவர்கள்கூட, "உங்க வீட்டுக்காரர் செஞ்சதாமே, கண்ணுல தண்ணி வந்துருச்சும்மா" என்றார்களாம். அதை வந்து சொன்னாள். தினமும் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இது என்ன, அது என்ன என்று கேட்டாள். நிறத்தை எப்படி எண்ணால் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொடுத்தேன். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். ஒருநாள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

"இன்னைக்கு ஏதாவது வந்துச்சா?" என்று தினமும் கேட்பாள். வந்தவற்றில் முக்கால்வாசி ஆறுதல் வார்த்தைகள்தான். அதைச் சொல்வேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு செய்தி வந்தது. அனுப்பியது ஊருக்கு வெளியே இருக்கிற முதியோர் காப்பகம் ஒன்றில் சமைக்கிற அம்மா. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

'வணக்கம்ங்க. எங்க காப்பகத்துல பத்து நாளா ஒரு பெரியவர் இருக்காரு. முகம் உங்க படத்துல இருக்கிறவரு மாதிரியே தெரியுது. ஆனா இவருக்கு மச்சம் வலது கன்னத்துல இருக்கு, நீங்க இடதுன்னு போட்டிருக்கீங்க. பேரு கேட்டா சொல்லத் தெரியல. யாரு வந்தாலும் எத்தனாவது மாடின்னு கேக்குறாரு. எங்க கட்டடத்துல மாடியே இல்லங்க. உங்களுக்கு ஏதாவது புரியுதான்னு கேக்கலாம்னு எழுதுறேன். தப்பா நினைக்காதீங்க.'

அதை நான் மூன்று முறை படித்தேன். சமையலறையில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் பாட்டு.

காப்பகத்தின் தளத்தைத் தேடிப் பார்த்தேன். சுமாரான டெம்ப்ளேட், ஆனால் படங்களில் இடம் சுத்தமாகத்தான் தெரிந்தது. காற்றோட்டமான அறைகள், வெள்ளை விரிப்புகள். வேளாவேளைக்குச் சாப்பாடு. என்னைவிட நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. ஒரு வாரம் போகட்டும், அவள் உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த அம்மாவைக் காக்க வைப்பது மரியாதை அல்ல என்பதால் உடனே பதில் எழுதினேன்.

'தங்கள் அக்கறைக்கு மிக்க நன்றி. எங்கள் பெரியவருக்கு மச்சம் இடது கன்னத்தில்தான். அவர் லிப்டில் வேலை பார்த்தவரும் அல்ல. தாங்கள் சொல்பவர் வேறு யாரோ. அவர் குடும்பத்தாருடன் விரைவில் சேர வேண்டுகிறோம்.'

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அந்த அம்மா லிப்ட் என்ற சொல்லையே எழுதியிருக்கவில்லை. இதை நான் கவனிக்கவில்லை. மூன்று வரியில் அடங்கும்படி அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியும்.

சொல்லலாம் என்று நினைத்த வாரம் போய்விட்டது. இருபத்து நாலாம் நாள் அதே அம்மா மறுபடி எழுதினார். பெரியவருக்குக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, பாப்பா பாப்பா என்கிறார், உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்த மாதிரித் தேடுகிறார்களா என்று. அதற்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? போய்க் கூட்டி வந்தால், இந்தப் பன்னிரண்டு நாள் என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். அன்று மாலை என் மனைவி, "ஏதாவது வந்துச்சா?" என்றாள். "ஆறுதல்தான் சொல்லியிருக்காங்க" என்றேன்.

இருபத்தாறாம் நாள் மாமா காப்பகத்தில் இறந்துபோனார். அது எனக்கு அப்போது தெரியாது. காப்பகத்தாரே அடக்கம் செய்து, தலைமாட்டில் ஓர் எண் எழுதிய தகட்டை நட்டார்கள். என் தளத்தில் கடிகாரம் இருபத்தேழு, இருபத்தெட்டு என்று ஏறிக்கொண்டிருந்தது.

நாற்பத்தோராம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் போன அன்று போட்டிருந்த இளநீலச் சட்டை மாதிரியே, அதே துணியில் இன்னொன்று தைத்து, கடை வாசலில் மாட்டி, 'இந்தச் சட்டை போட்ட பெரியவரைப் பார்த்தீர்களா' என்று எழுதி வைக்கலாம் என்று. சட்டைப்பையின் மூடி எப்படி வைத்தோம் என்று பார்ப்பதற்காக, கடையில் உட்கார்ந்து, என் தளத்தில் இருந்த படத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்திருக்கிறாள், அதுவும் பெரிதாக்கி.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றவில்லை. போனை என் மேசையில் வைத்தாள்.

"நான் பாக்கெட்ட இந்தப் பக்கம் வைக்கலையே."

நான் எட்டிப் பார்த்தேன். சட்டைப்பை வலது மார்பில் இருந்தது. எழுத்தைத்தான் பார்ப்பேன் என்று சொன்னேன் அல்லவா, சட்டைப்பையைப் பார்க்கத் தோன்றவே இல்லை. வேறு எவருடைய மனைவியாக இருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாள், இவள் தைத்தவள்.

"டிசைனுக்காகத் திருப்பினேன். முகம் உள்ள பாக்கணும்."

"அப்போ மச்சம்?"

"அதுவும் சேர்ந்து திரும்பும்ல."

"இடதுன்னு எழுதியிருக்கே. நான் வலதுன்னுதானே எழுதிக் குடுத்தேன். யாருங்க மாத்துனது?"

அவள் கத்தவில்லை. அலமாரியைத் திறந்து அந்தப் படத்தின் பழைய பிரதியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஒவ்வொரு காப்பகமாக ஏறி இறங்கியிருக்கிறாள். இரண்டாம் நாள் அந்தச் சமையல் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். அவர் படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு போனை எடுத்து என் பதிலைக் காட்டினாராம். "லிப்டுன்னு நான் எழுதவே இல்லையேம்மா. இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாராம். அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். கதவு எப்படித் திறந்திருந்தது என்று. பூட்டியிருக்கவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய் அல்ல. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று மதியத்திலிருந்து மாமா வாசல் கதவருகில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். "எத்தனாவது மாடி சார்?" நான் அஞ்சு என்றேன், எட்டு என்றேன். உட்காரவில்லை. சட்டையை இன்னொரு முறை நனைத்திருந்தார், மாற்றினேன். அந்த இளநீலச் சட்டைதான் துவைத்து இருந்தது. பொத்தான் போட்டு முடித்ததும் மறுபடி அதே கேள்வி. நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். கதவை முழுக்கத் திறந்தேன்.

"கீழ" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டார். "ஏறுங்க சார்" என்றார்.

"நீங்க போங்க. நான் அடுத்ததுல வர்றேன்."

சரி என்று தலையாட்டினார். கையால் எதையோ இழுத்துச் சாத்தினார், இல்லாத கைப்பிடியைத் திருப்பினார், பிறகு படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார். கை நீட்டினேன் என்று முன்பு சொன்னது அப்போதுதான். முதல் படியில் தடுமாறினார். விழுந்துவிடக் கூடாதே என்று முழங்கையைப் பிடித்துவிட்டேன். இரண்டரை மணி இருக்கும். தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் உள்ளே வந்து டயர் கடைக்காரரை நானாகவே கூப்பிட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது. நான் கொலைகாரன் இல்லை. அவர் காய்ச்சலில் இறந்தார், என் மனைவியின் நல்லதுக்காகத்தான் நான் எல்லாம் செய்தேன், என் கோபத்தில் எதையும் செய்யவில்லை. அவள் ஒருமுறைகூட இங்கே வரவில்லை என்று சொன்னீர்கள். வேலை இருக்கும். அந்தத் தளத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாளாம். எடுத்துவிடலாம், ஆனால் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தது அது ஒன்றுதான். கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று ஐயா. காலையில் வெளியே உட்காரவைத்திருந்தபோது, எதிரே திரையில் உங்கள் காவல்துறைத் தளம் ஓடிக்கொண்டிருந்தது. காணாமல் போனவர்கள் பக்கத்தைப் பார்த்தேன். ஏறக்குறைய நூறு முகங்கள் இருக்கும், பாதிக்கு மேல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கின்றன. யாரும் கவனிக்காமல் போவதற்கு அதுதான் காரணம். ஒரு கணினி மட்டும் கொடுங்கள், இன்றைக்கே உட்கார்ந்து எல்லோரையும் உள்ளே பார்க்க வைத்துத் தருகிறேன்.